அலுத்துப்போன வாக்காளரும் எவரும் எழுதாத இரண்டாம் இலக்கமும்

வெள்ளவத்தையிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கும் கேள்வி இது: "ஜனாதிபதித் தேர்தல் என்று அறிவித்த நாள் தொடக்கம் எங்கள் வீட்டில் செய்தி நேரத்துக்குத் தொலைக்காட்சியை நிறுத்திவிடுகிறோம். அதே முகங்கள், அதே வாக்குறுதிகள். அடுத்த முறை வாக்களிக்கப் போவதே இல்லை என்று அம்மா சொல்கிறார். இந்த அலுப்பு எங்களுக்கு மட்டுந்தானா? ஏன் இப்படி ஆனது? நாங்கள் வாக்களிக்காமல் விட்டால் என்ன குறைந்துவிடும்?"

உயர்தர வகுப்புகளுக்கு அரசறிவியல் கற்பித்தவன் என்ற முறையிலும், 1994 முதல் 2019 வரை நடந்த ஜனாதிபதித் தேர்தல்களில் வாக்கெடுப்பு நிலையங்களிலும் எண்ணும் நிலையங்களிலும் கடமை பார்த்தவன் என்ற முறையிலும் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். அலுப்பு உங்களுக்கு மட்டும் உரியதன்று. ஆனால் அதை வாக்களிப்பின் மீதான அலுப்பு என்று எடுத்துக்கொண்டால் கணக்குப் பிழைத்துவிடும்.

முதலில் எண்களைப் பாருங்கள். ஜனாதிபதித் தேர்தல்களில் வாக்களித்தோர் வீதம் 2015இல் 81.52, 2019இல் 83.72, 2024இல் 79.46. பதிவு செய்யப்பட்ட ஐந்து பேரில் நால்வர் சாவடிக்குப் போகும் நாட்டை அரசியலில் அக்கறையற்ற நாடு என்று எவரும் சொல்ல முடியாது. மிகக் குறைந்த வீதம் 1988 டிசம்பரில் பதிவான 55.32, அது ஜே.வி.பி. என்ற மக்கள் விடுதலை முன்னணியின் மிரட்டலும் அதை அடக்கப் புறப்பட்டவர்களின் மிரட்டலும் ஒருசேர நாட்டைப் பிடித்திருந்த காலம். அன்று மக்களை வீட்டுக்குள் வைத்தது அச்சம். கொழும்புத் தமிழருக்கோ அச்சம் அதற்குப் பிறகும் நெடுங்காலம் தொடர்ந்தது. 1999 டிசம்பர் 18ஆம் திகதி நகர மண்டபத்துக்கு அருகில் சந்திரிகா குமாரதுங்கவின் இறுதிக் கூட்டத்தில் குண்டு வெடித்த பின், 21ஆம் திகதி வாக்களிக்கப் போகையில் அடையாள அட்டையை இரண்டு மூன்று முறை தொட்டுப் பார்த்துக்கொண்டு நடந்தவர்கள் நாங்கள். பிரசாரம் அலுக்கிறது என்று முறைப்படுவதற்கும் ஓரளவு அமைதி வேண்டியிருக்கிறது; அந்த அளவில் இன்றைய முறைப்பாடு ஒரு முன்னேற்றந்தான்.

அப்படியானால் அலுப்பு எங்கே தென்படுகிறது? 2024 செப்டம்பர் 21ஆம் திகதி ஜனாதிபதித் தேர்தலில் வாக்களித்தவர்களுள் ஏறத்தாழ 18 இலட்சம் பேர், எட்டே வாரத்தில் நவம்பர் 14ஆம் திகதி வந்த பாராளுமன்றத் தேர்தலுக்குப் போகவில்லை. வீதம் 68.93ஆக இறங்கியது. போனவர்களின் சீட்டுகளிலும் 5.65 வீதம் நிராகரிக்கப்பட்டன. ஜனாதிபதித் தேர்தலில் அது 2.2 வீதம் மட்டுமே. நிராகரிக்கப்பட்ட சீட்டு ஒவ்வொன்றும் கோபத்தில் பிறந்தது என்று சொல்ல மாட்டேன். விருப்பு வாக்கு இலக்கங்களைப் பிழையாக அடையாளமிடுவோர் எப்போதும் இருக்கிறார்கள். ஆயினும் நாட்டைத் திருத்துவதற்கு ஒரு மனிதரைத் தெரிவு செய்து முடித்துவிட்டோம், இனி மற்றவை தாமாக நடக்கும் என்ற எண்ணம் இந்த வீழ்ச்சியில் தெரிகிறது. பிரசாரமே கற்பித்த எண்ணம் அது.

1978ஆம் ஆண்டு அரசியலமைப்பு எல்லாவற்றையும் ஒரு பதவியில் கொண்டுபோய்க் குவித்தது. அன்றிலிருந்து வேட்பாளர் எவராயினும் மேடையில் ஒரு மீட்பராகவே நிற்க வேண்டியவரானார். உரமானியம், ஆசிரியர் சம்பளம், இந்தியாவுடனான உறவு, தோட்டத் தொழிலாளியின் நாட்கூலி, எரிவாயுவின் விலை, தமிழரின் அதிகாரப் பகிர்வு ஆகிய அனைத்துக்கும் ஒருவரே விடை என்று சொல்லித்தான் வாக்குக் கேட்க முடிகிறது. அவ்வளவையும் ஒருவர் செய்து முடிக்க இயலாது என்பது கேட்பவருக்கும் தெரியும், சொல்பவருக்கும் தெரியும். தெரிந்துகொண்டே இருவரும் நடிப்பதால்தான் உங்கள் அம்மாவுக்கு நான்காம் தரம் பார்க்கும் நாடகம் போல அது அலுக்கிறது.

அந்த நாடகத்தில் மாறாத ஒரு காட்சி உண்டு: பதவியைப் பெறுவதற்காகவே பதவியை ஒழிப்பதாக வாக்குறுதி கொடுப்பது. 1994இல் சந்திரிகா குமாரதுங்க, 1995 ஜூலை 15ஆம் திகதிக்குள் நிறைவேற்று ஜனாதிபதி முறையை ஒழிப்பதாக நாள் குறித்தே சொன்னார். அந்த நாள் வந்து போயிற்று. 2005இல் மகிந்த ராஜபக்ஷவின் விஞ்ஞாபனத்திலும் அந்த முறையை முடிவுக்குக் கொண்டுவரும் பேச்சு இருந்தது. 2010இல் வந்த 18ஆம் திருத்தமோ இரண்டு தவணை என்ற வரையறையையே நீக்கியது. 2015இல் மைத்திரிபால சிறிசேன அதே வாக்குறுதியோடு வந்தார். 19ஆம் திருத்தத்தின் மூலம் சில அதிகாரங்களைக் குறைக்கவும் செய்தார். அந்தப் பெருமையை அவருக்குக் கொடுத்தே ஆக வேண்டும். ஆனால் 2018 அக்டோபர் 26ஆம் திகதி இரவோடிரவாகப் பிரதமரை மாற்றி, அடுத்த மாதம் பாராளுமன்றத்தையும் கலைத்தவர் அதே மனிதர். அந்தக் கலைப்பு சட்டத்துக்கு மாறானது என்று உயர் நீதிமன்றம் சொல்லும்வரை நாடு இரண்டு பிரதமர்களோடு இருந்தது. 2024இல் வென்ற தேசிய மக்கள் சக்தியின் விஞ்ஞாபனமும் இந்த முறையை ஒழிப்பதாகவே கூறுகிறது. முப்பது ஆண்டுகளாக ஒரே கடையில் ஒரே பொருளுக்கு முற்பணம் கட்டிவரும் வாடிக்கையாளர் போல இருக்கிறோம்.

தேர்தல் எப்போது வரும் என்பதும் பல காலம் வாக்காளரின் கையில் இருக்கவில்லை. நான்கு ஆண்டுகள் முடிந்ததும் ஜனாதிபதி விரும்பினால் முன்கூட்டியே மறுதேர்தலுக்குப் போகலாம் என்று 1982இல் மூன்றாம் திருத்தம் வழிசெய்தது. ஜே.ஆர். ஜயவர்தன உடனேயே அதைப் பயன்படுத்தினார். பின்னர் 1999, 2010, 2015 ஆகிய தேர்தல்களும் அப்படி முன்தள்ளி வந்தவைதாம். தோதான நேரம் பார்த்து இத்தேர்தலை முன்னுக்கு இழுத்த நாட்டில், மாகாண சபைத் தேர்தல்கள் 2014ஆம் ஆண்டுக்குப் பிறகு காணாமற்போயின. 2023 மார்ச் மாதம் நடக்கவிருந்த உள்ளூராட்சித் தேர்தல் பணமில்லை என்ற காரணத்தோடு 2025 மே வரை தள்ளிப்போயிற்று. ஒழுங்கையில் வடிகான் அடைத்துக்கொண்டால் யாரிடம் கேட்பது என்று தெரியாத வாக்காளரிடம் போய், நாட்டின் தலைவிதியை எழுத வாருங்கள் என்று அழைத்தால் அவருக்கு எரிச்சல் வருவதில் வியப்பில்லை.

இனி நெரிசலைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1982இல் வேட்பாளர்கள் ஆறு பேர், 1988இல் மூவர். 2010இல் 22, 2019இல் 35, 2024இல் 39 பேர் வேட்புமனுத் தாக்கல் செய்தார்கள். அந்த 39 பேரில் ஒருவர் தேர்தலுக்கு முன்னரே காலமாகிவிட்டார். ஆனாலும் அவருடைய பெயர் வாக்குச்சீட்டில் இருந்தது. சீட்டின் நீளம் இரண்டடிக்கு மேல். 2019இல் நான் கடமை பார்த்த நிலையத்தில் ஒரு முதியவர் சீட்டை விரித்துப் பிடித்துக்கொண்டு, "தம்பி, இது வாக்குச்சீட்டோ, கலியாணச் சாமான் பட்டியலோ?" என்று கேட்டார். கட்டுப்பணம் கட்சி வேட்பாளருக்கு 50,000 ரூபா, சுயேச்சைக்கு 75,000 ரூபா. 1981ஆம் ஆண்டுச் சட்டம் எழுதப்பட்டபோது அது பெரும் பணம். இன்று நடுத்தரமான ஒரு கையடக்கத் தொலைபேசியின் விலை. அளிக்கப்பட்ட செல்லுபடியான வாக்குகளில் எட்டிலொரு பங்கைப் பெறாதவர் அதை இழப்பார். 2019இல் முதல் இருவரைத் தவிர 33 பேரும் இழந்தார்கள். 2024இல் மூவர் தப்பினார்கள்.

இழப்பதற்கென்றே ஏன் வருகிறார்கள்? சிலர் கொள்கையோடு வருகிறார்கள். அவர்களை நான் மதிக்கிறேன். மற்றவர்களை ஊரே டம்மி வேட்பாளர் என்கிறது. ஒவ்வொரு வேட்பாளருக்கும் அரச வானொலியிலும் தொலைக்காட்சியிலும் இலவச நேரம் உண்டு. வாக்கெடுப்பு நிலையத்திலும் எண்ணும் நிலையத்திலும் முகவர்களை அமர்த்தும் உரிமை உண்டு. தன் பெயரில் நின்றுகொண்டு அந்த நேரத்தையும் கதிரைகளையும் இன்னொருவருக்கு ஈவது அவர்களுடைய வேலை. எண்ணும் மேசையைச் சுற்றி, ஒரு சின்னத்துக்கு உரிய முகவர்கள் வேறொரு சின்னத்தின் வாக்குகளையே கண்கொட்டாமல் காத்துக்கொண்டிருப்பதை நான் பார்த்திருக்கிறேன். பிரசாரம் ஓயாத இரைச்சலாக உங்களுக்குக் கேட்பதற்கு இந்த இரவல் குரல்களும் ஒரு காரணம்.

பணமும் இதிலே பேசுகிறது. 2023ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கத் தேர்தல் செலவின ஒழுங்குபடுத்தல் சட்டம் வரும்வரை ஒரு வேட்பாளர் எவ்வளவு செலவழிக்கலாம் என்பதற்கு வரம்பே இருக்கவில்லை. அச்சட்டத்தின் கீழ் 2024 தேர்தலுக்குத் தேர்தல் ஆணைக்குழு விதித்த உச்சம் வாக்காளர் ஒருவருக்கு 109 ரூபா. 171 இலட்சத்துச் சொச்ச வாக்காளருக்கும் சேர்த்து 186 கோடி ரூபாவுக்கு மேல் வருகிறது. வரம்பே இவ்வளவு என்றால் வரம்பற்ற காலம் எப்படி இருந்திருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். 109 ரூபாவுக்குக் கொட்டாஞ்சேனையில் வடையோடு ஒரு தேநீர் குடிக்கலாமா என்பது வேறு கேள்வி.

தமிழ் வாக்காளருக்கு இந்தப் பொதுவான அலுப்பின் மேல் இன்னுமொரு படை படிந்திருக்கிறது. எங்களுடைய வாக்கு நெடுங்காலமாக ஒருவரை விரும்பி அளித்த வாக்கன்று. இன்னொருவர் வந்துவிடக்கூடாது என்று அளித்த வாக்கு. 2010இல் போரை நடத்திய அரசின் தலைவர் மகிந்த ராஜபக்ஷவும் அதே போரை நடத்திய இராணுவத் தளபதி சரத் பொன்சேகாவும் எதிரெதிரே நின்றபோது, தமிழர் தளபதிக்கு வாக்களித்ததைவிடக் கசப்பான தெரிவு வேறொன்று இருக்குமா? 2015இல் மைத்திரிபாலவுக்கு அள்ளிக் கொடுத்ததும், 2019இல் யாழ்ப்பாண மாவட்டம் சஜித் பிரேமதாசவுக்கு நூற்றுக்கு எண்பதுக்கு மேல் கொடுத்ததும் அதே கணக்கில்தான். ஒவ்வொரு முறையும் மாகாண சபைகளுக்கு அதிகாரம் பகிரும் 13ஆம் திருத்தம் மேசைக்கு வரும். முழுமையாக என்பார்கள், கட்டம் கட்டமாக என்பார்கள், 13 பிளஸ் என்பார்கள், தேர்தல் முடிந்ததும் மேசை துடைக்கப்படும். 1987இல் பிறந்த அந்தத் திருத்தத்துக்கு இப்போது நரைக்கத் தொடங்கும் வயது.

2024இல் அந்த ஒற்றைத் திசை ஓட்டம் உடைந்தது. தமிழரசுக் கட்சி சஜித்தை ஆதரிப்பதாக முடிவெடுக்க, அதே கட்சியைச் சேர்ந்த அரியநேத்திரன் தமிழ்ப் பொதுவேட்பாளராகச் சங்குச் சின்னத்தில் நிற்க, கட்சிக்குள்ளேயே பலர் அவருக்காக வாக்குக் கேட்டார்கள். தமிழ் முற்போக்குக் கூட்டணி சஜித்தோடும் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் அப்போது ஜனாதிபதியாயிருந்த ரணில் விக்கிரமசிங்கவோடும் நின்றன. புறக்கணிப்பைக் கோரிய குரலும் இருந்தது. வெள்ளவத்தையில் ஒரே தொடர்மாடியில், ஒரு வீட்டில் சஜித்தின் தொலைபேசி, அடுத்த வீட்டில் ரணிலின் சிலிண்டர், மேல்மாடியில் தேசிய மக்கள் சக்தியின் திசைகாட்டி, கீழே சங்கு என்று இருந்தது. தலைவர்களுக்கு இது குழப்பமாகத் தெரிந்தது. எனக்கு இது அலுப்பின் ஆரோக்கியமான விளைவாகவே பட்டது. சொன்னபடி போடுவதில் அலுத்தவர்கள் தாமாக யோசிக்கத் தொடங்கினார்கள். அதே ஆண்டு நவம்பரில் யாழ்ப்பாண மாவட்டத்தின் ஆறு ஆசனங்களில் மூன்றைத் தேசிய மக்கள் சக்தி எடுத்தபோது அது இன்னும் வெளிப்படையாயிற்று.

கொழும்பில் இன்னொரு வகையினரும் இருக்கிறார்கள். புறக்கோட்டைக் கடைகளிலும் உணவகங்களிலும் வேலை செய்யும் மலையக இளைஞர்களின் வாக்கு அட்டனிலோ பதுளையிலோ இருக்கிறது. தூரத்துக்கேற்ப விடுமுறை கொடுக்க வேண்டும் என்று ஆணைக்குழு சொல்கிறது. கடைக்காரர் முகம் கொடுத்துப் பேசுவாரா என்பது வேறு. பேருந்துக் கட்டணமும் ஒரு நாள் சம்பளமும் கணக்கில் வந்த பிறகு, ஆயிரம் ரூபா நாட்கூலி என்ற ஒரே வாக்குறுதியை ஆண்டுக்கணக்கில் கேட்ட பிள்ளை ஊருக்குப் போகவில்லை என்றால் அவனைப் பொறுப்பற்றவன் என்று நான் சொல்ல மாட்டேன்.

2019இன் வெற்றியைப் பற்றியும் ஒரு வார்த்தை. கோட்டாபய ராஜபக்ஷ பெற்ற 6,924,255 வாக்குகள் "அறுபத்தொன்பது இலட்சம்" என்று முதலில் பெருமையாகவும், 2022இல் எரிவாயு வரிசையில் நின்றபோது வசையாகவும் சொல்லப்பட்டன. ஜூலை 13ஆம் திகதி அவர் நாட்டை விட்டுப் போனார். அந்த 69 இலட்சத்தில் ஒருவராக இருந்த என் சிங்கள நண்பர் ஒருவர் இன்றும் யாருக்குப் போட்டேன் என்று வாய் திறப்பதில்லை. எங்களுடைய அலுப்பு ஏமாற்றப்பட்டவரின் அலுப்பு. அவருடையது தானே ஏமாந்தவரின் அலுப்பு. அது இன்னும் கனமானது என்று நினைக்கிறேன்.

இப்போது உங்கள் கடைசிக் கேள்விக்கு வருகிறேன். எனக்கு முக்கியமாகப் படுவதும் இதுதான். இந்த நாட்டு வாக்குச்சீட்டில் எவரும் வேண்டாம் என்று சொல்லும் கட்டம் கிடையாது. சீட்டின் மேல் "எல்லாரும் கள்ளர்" என்று எழுதியவர்களின் சீட்டுகளை நான் பிரித்து வைத்திருக்கிறேன். அவை நிராகரிக்கப்பட்டவை என்ற ஒரே கட்டில், பிழையாக அடையாளமிட்ட பாட்டியின் சீட்டோடு சேர்ந்து கிடக்கும். வெல்வதற்குத் தேவையானது செல்லுபடியான வாக்குகளில் பாதிக்கு மேல். ஆகவே நீங்கள் போகாமல் விட்டாலும், சீட்டைப் பழுதாக்கினாலும், பாதி என்ற எல்லைக்கோடு முன்னணியில் நிற்பவரை நோக்கிச் சற்று இறங்கி வருகிறது. 2005இல் விடுதலைப் புலிகளின் நெருக்குதலால் வடக்கில் தேர்தல் புறக்கணிக்கப்பட்டது. யாழ்ப்பாண மாவட்டத்தில் 701,938 வாக்காளரில் 8,524 பேர்தான் வாக்களித்தார்கள். மகிந்த ராஜபக்ஷ 50.29 வீதத்தோடு, பாதியைக் கடக்க வேண்டிய எல்லையை ஏறத்தாழ 28,000 வாக்குகளால் மட்டும் தாண்டி வென்றார். அந்தப் புறக்கணிப்பு தனிமனிதரின் அலுப்பிலிருந்து பிறந்ததன்று, ஆனால் எண்களின் வேலை இரண்டிலும் ஒன்றுதான்.

அலுத்தவருக்கு என்று நம் சட்டத்திலேயே ஒரு வழி இருக்கிறது. முதல் ஜனாதிபதித் தேர்தலிலிருந்தே வாக்காளர் 1, 2, 3 என்று மூன்று விருப்பங்களை அடையாளமிடலாம். எவரும் பாதியைத் தாண்டாவிட்டால் முதல் இருவரைத் தவிர ஏனையோர் நீக்கப்படுவார்கள். நீக்கப்பட்டவர்களுக்கு விழுந்த சீட்டுகளில், எஞ்சிய இருவரில் ஒருவருக்கு 2 அல்லது 3 இடப்பட்டிருந்தால் அது அவர் கணக்கில் சேரும். உங்கள் மனம் விரும்பும் சிறிய வேட்பாளருக்கு 1 போட்டுவிட்டு, வரக்கூடாதவரைத் தடுக்கும் வாக்கை 2 என்று போடலாம். விருப்பத்துக்கும் அச்சத்துக்கும் இடையில் ஒன்றைத் தெரிய வேண்டியதில்லை. புள்ளடி ஒன்றை மட்டும் இட்டாலும் செல்லும். ஆனால் அதோடு உங்கள் குரல் முடிந்தது. புள்ளடியையும் இலக்கங்களையும் ஒரே சீட்டில் கலக்காமல் இருப்பதே நல்லது.

2024இல்தான் முதன்முறையாக இரண்டாம் எண்ணிக்கை நடந்தது. ஊரடங்கின் பின்னான அந்த ஞாயிற்றுக்கிழமை மாலைவரை நாடு காத்திருந்தது. முதற் சுற்றில் தேசிய மக்கள் சக்தியின் அநுர குமார திசாநாயக்க 42.31 வீதம், சஜித் பிரேமதாச 32.76 வீதம். மற்றவர்கள் எல்லோருக்கும் சேர்த்து விழுந்த வாக்குகள் 33 இலட்சத்துக்கு மேல். முதல் இருவருக்கு இடையிலான வித்தியாசமோ 12 இலட்சத்து 71 ஆயிரம். அதாவது முடிவை மாற்றக்கூடிய அளவு சீட்டுகள் அந்த மேசைகளில் இருந்தன. அவற்றைத் தேடியபோது கிடைத்த விருப்பு வாக்குகள் சஜித்துக்கு 167,867, அநுரவுக்கு 105,264. மொத்தமாகப் பார்த்தால் ஏறத்தாழப் பன்னிரண்டு சீட்டுகளில் ஒன்றில் மட்டுமே முதல் இருவருக்கான இலக்கம் இருந்தது. முடிவு மாறியிருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அநுர வென்றது முறையான வெற்றி. ஆனால் முப்பது இலட்சம் பேர் தமக்குக் கிடைத்த இரண்டாவது சொல்லைச் சொல்லாமலே வீட்டுக்குப் போனார்கள்.

அதற்குக் காரணமும் பிரசாரத்தில்தான் இருக்கிறது. தன் ஆதரவாளரிடம் "இரண்டாவதை இன்னாருக்குப் போடுங்கள்" என்று சொல்வது தோல்வியை ஒப்புக்கொள்வதாகிவிடும் என்று வேட்பாளர் நினைக்கிறார். ஆகவே சின்னத்தைக் காட்டி, இதற்கு நேரே ஒரு புள்ளடி என்பதோடு பெரும்பாலான மேடைகள் நின்றுவிட்டன. பொதுவேட்பாளருக்கு வாக்குக் கேட்டவர்கள் தங்களுக்குக் கிடைத்த இரண்டே கால் இலட்சம் வாக்குகளின் இரண்டாம் இலக்கத்தை வைத்து, தேர்தலுக்கு முன்னரே பிரதான வேட்பாளரோடு பேரம் பேசியிருக்கலாம் என்பது என் கருத்து. பேசாதது பெரிய தவறு.

உங்கள் அம்மாவிடம் தேர்தல் காலத்தில் தொலைக்காட்சியை நிறுத்தியே வைத்திருக்கச் சொல்லுங்கள். அவர் இழப்பது எதுவுமில்லை. எப்படியும் வாக்களிப்புக்கு 48 மணித்தியாலம் முன்னதாகப் பிரசாரம் சட்டப்படி ஓய்ந்துவிடும். அந்த இரண்டு நாளில் வேட்பாளர் பட்டியலை எடுத்து, தமக்கு உண்மையில் பிடித்தவர் யார், அவருக்குப் பிறகு பொறுத்துக்கொள்ளக்கூடியவர் யார் என்று ஒரு கடதாசித் துண்டில் எழுதிப் பார்க்கட்டும். அதில் ஒரு பெயரும் வரவில்லை என்றால் அவர் வீட்டில் இருப்பதை நான் குறை சொல்லப் போவதில்லை. இரண்டு பெயர் வந்தால், சாவடியில் இரண்டு இலக்கமும் போட மறக்க வேண்டாம்.